டப்பா மூடிக்குள் வெண்மதி

பிளஸ் டூவில் விட்டுப்போன கணக்கை மறுபடி எழுதி ஜெயித்தாள் வெண்மதி. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் ஒரே பெண்ணாக உட்கார்ந்து, கடைசிவரை உட்கார்ந்து ஜெயித்தாள். ஏணியில் கால் வைத்தாலே முழங்கால் நடுங்கும். கடலோரத் தேவனாம்பட்டினத்தில் தங்கள் வீட்டு மாடிச்சுவரில் ஏணியைச் சாய்த்து, மழைக்காலம் முழுக்க ஏறி இறங்கி அந்த நடுக்கத்தையும் ஜெயித்தாள். “கடலுக்குப் போறவன் வூட்டுப் பொண்ணு கம்பத்துல ஏறப் போவுதாம்” என்று குழாயடியில் சிரித்தவர்களைத் தினமும் ஐ.டி.ஐ. பையோடு கடந்துபோய் ஜெயித்தாள். வேலைக்குப் போகும் வீடுகளில் கதவைத் திறந்ததும், “லைன்மேன் வரலியா?” என்று அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பவர்களிடம், “நான்தாங்க வந்திருக்கேன்” என்று முகம் சுளிக்காமல் சொல்லப் பழகினாள். அதையும் வெற்றியில்தான் சேர்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. அவள் பெயர் எந்த டப்பாவிலும் ஏறவில்லை.

சிதம்பரத்தில் வைத்திலிங்கம் என்பவர் நடத்தும் சின்ன இன்டர்நெட் ஆபீசில் அவளுக்கு வேலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து வரும் கண்ணாடி இழை ஒயர், வீட்டுக்குள் சுவரில் ஒரு வெள்ளை டப்பாவில் வந்து முடியும். கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவர், அந்த டப்பாவின் மூடிக்குள் மார்க்கர் பேனாவால் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதவேண்டும். மறுபடி கோளாறு வந்தால் கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர்தான் போகவேண்டும். மழையானாலும் போகவேண்டும். துணைக்குப் போனவர் கையெழுத்துப் போடக் கூடாது. வெண்மதி வேலைக்குச் சேர்ந்த நாளாகச் சீனியர் மணிவண்ணனுக்குத் துணையாகவே போய்க்கொண்டிருந்தாள். இரண்டு தடவை தனியாக அனுப்பியபோதும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. மணிவண்ணன்தான் பின்னால் போய் முடித்தார்.

அவளிடம் இருந்த குறை எல்லோருக்கும் தெரியும். கனவு காண்பாள். இழைக்குள் ஓடுகிற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அதற்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று முதல் நாளே மணிவண்ணன் எச்சரித்திருந்தார். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் என்ற அந்தச் சொல் அவளுக்குள் புகுந்துகொண்டது. முடியைவிட மெல்லிய பாதையில், காக்கைகளின் காலடியில், பூக்கடைகளின் தலைக்கு மேலே, யாருக்கும் தெரியாமல் அது போய்க்கொண்டே இருக்கிறது. கம்பத்தடியில் நின்று அண்ணாந்தாள் என்றால் அவளும் கூடவே போய்விடுவாள்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, விஜயதசமியன்று, மணிவண்ணன் குடும்பத்தோடு வடலூர் போயிருந்தார். கீழவீதிக்குப் பின்னால் குடியிருக்கும் அமராவதி அம்மாள் வீட்டிலிருந்து புகார் வந்தது. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது, நெட் சுத்தமாக இல்லை.

“இன்னிக்கு நீயே போ,” என்றார் வைத்திலிங்கம். “முடிச்சிட்டு வந்தா கையெழுத்து உன்னுது. இல்லன்னா நாளையிலருந்து இங்க உக்காந்து போன் எடு. நான் கோவமா சொல்லலம்மா. ஆளு பத்தல எனக்கு.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அமராவதி அம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பெங்களூரில் இருக்கும் மகள் மோனிகா, மதியத்துக்குள் தன் பிள்ளைக்கு அரிசியில் முதல் எழுத்து எழுத வைக்கப் போகிறாள். பாட்டி இங்கிருந்தே கம்ப்யூட்டரில் பார்ப்பதாக ஏற்பாடு.

“போன்ல பாக்கலாம்னா மொகமே தெரியலம்மா, கட்டம் கட்டமா வருது. எப்படியாச்சும் பண்ணிக் குடு, கண்ணு.”

வெண்மதி மோடத்தை அணைத்துப் போட்டாள். சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. சிவப்பு என்றால் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று பொருள்.

“யாராச்சும் இதத் தொட்டீங்களாம்மா?”

“ஐயோ, தொடவே இல்ல. நேத்து முழுக்க ஒருத்தரும் கை வைக்கல.”

அப்படியானால் கோளாறு வெளியில்தான். முந்தின நாள் சாயங்காலம் காற்றும் அடித்திருந்தது. அவள் தெருவில் இறங்கி, ஒயர் போன வழியே அண்ணாந்தபடி நடந்தாள். வேப்பங்கிளைக்குள் நுழைந்து வெளிவந்தது ஒயர். ஒரு வீட்டு மாடியில் காயும் புடவைக்குப் பின்னால் மறைந்து, அடுத்த கம்பத்தில் தலைகாட்டியது. கோபுரத்துப் புறாக்கள் அதில் உட்கார்ந்து எழுந்தபோது அது மெதுவாக ஆடியது. ஆடுகிற ஒயருக்குள் ஆடாமல் போகிறது வெளிச்சம். சின்ன வயதில் கரையில் படுத்துக்கொண்டு, தூரத்துப் படகு விளக்கு எதையும் தொடாமல் எப்படித் தன் கண்வரைக்கும் வருகிறது என்று யோசித்தது நினைவுக்கு வந்தது. எங்கோ பூஜை மணி கேட்டது. தெருவே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் அமைதியாகிவிட்டது. அவள் இழையோடு போய்க்கொண்டிருந்தாள்.

போன் அடித்து அவளைக் கரையேற்றியது. மணிவண்ணன்.

“என்னா தங்கச்சி, ஓனர் சொன்னாரு. இன்னும் புறாவத்தான் பாத்துக்கினு இருக்கியா?”

“இல்லண்ணே, ஒயரத்தான்.”

“ரெண்டும் ஒண்ணுதான் உனக்கு. பேசாம புது ஒயர் இழுத்துடு. இல்ல, விட்டுடு. சாயங்காலம் நான் வந்து பாத்துக்கறேன்.”

சாயங்காலம் அவர் வந்தால் மூடிக்குள் அவர் பெயர் ஏறும். அதற்குள் பெங்களூரில் அரிசியைக் கூட்டி அள்ளியிருப்பார்கள்.

“இருங்கண்ணே, மீட்டர் வச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்.”

வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் ஏணியைச் சாய்த்து ஏறினாள். இணைப்பைக் கழற்றி, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரில் செருகினாள். எண் ஒழுங்காக வந்தது. வெளிச்சம் கம்பம்வரை வந்திருக்கிறது! இணைப்பைத் திரும்ப மாட்டிவிட்டுக் கீழே இறங்கி, வீட்டுக்குள் சுவர் டப்பாவைத் திறந்து, அங்கே வந்து முடிகிற ஒயரில் மீட்டரை வைத்தாள். அங்கும் எண் வந்தது. இவ்வளவு தூரம் வந்த வெளிச்சம், சுவருக்கும் மேசைமேலிருந்த மோடத்துக்கும் நடுவில் தொலைந்திருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு முழத்து மஞ்சள் ஒயர் மட்டும். தெருத்தெருவாகத் தேடியதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் அந்த அம்மாள் சொன்னது திரும்பக் காதில் விழுந்தது.

“அம்மா, நேத்து முழுக்க யாரும் தொடலன்னீங்களே, ஏன்?”

“நேத்து எப்படித் தொடுவாங்க? பூஜையில இருந்துச்சே.”

“எது? மோடமா?”

“எல்லாந்தான். கம்ப்யூட்டர், கிரைண்டர், தையல் மெஷின், எங்க வீட்டுக்காரரு ஸ்கூட்டர் சாவி. பிள்ளை மொகத்தக் காட்டுற பெட்டிய விட்டுட முடியுமா? முந்தாநாள் ராத்திரியே ஒயரெல்லாம் கழட்டி, துடைச்சு, பொட்டு வச்சேன். காலையில எடுத்து முன்ன இருந்த மாதிரியே மாட்டிட்டேன்.”

வெண்மதி மஞ்சள் ஒயரின் இரண்டு முனைகளையும் மெதுவாக உருவினாள். முனையிலிருந்த பச்சை பிளாஸ்டிக் தலைக்கு நடுவே, வெளிச்சம் வெளிவரும் அந்தப் புள்ளியின்மேல், காய்ந்த சந்தனம். இரண்டு பக்கமும்.

“இங்கயுமாம்மா வச்சீங்க?”

“சின்னக் கண்ணு மாதிரி இருந்துச்சு. அதுக்கு இல்லாமலா?” என்றவர், அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். “வச்சிருக்கக் கூடாதோ? மோனிகாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கிழிச்சிடுவா.”

வெண்மதிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கேலி வரவில்லை. யாருமே பார்க்காத அந்த வெளிச்சத்துக்கு, அது வருகிற வாசலிலேயே ஒருவர் பொட்டு வைத்திருக்கிறார். தன்னைப்போல் இன்னொருத்தி.

“மோனிகாகிட்ட நான் சொல்ல மாட்டேன். அடுத்த வருஷம் பெட்டி மேல வைங்கம்மா. கண்ணுக்குள்ள வேணாம். கண்ணுல சந்தனம் பட்டா நமக்கே எரியுமில்ல?”

பையில் மாற்று ஒயர் இருந்தது. அதை மாட்டினாலும், சந்தனத்துகள் டப்பாவுக்குள்ளும் மோடத்தின் துளைக்குள்ளும் ஒட்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். துடைக்கும் குச்சியில் ஸ்பிரிட்டைத் தொட்டு இரண்டு துளைகளையும் பொறுமையாகத் துடைத்தாள். குச்சியின் நுனி மஞ்சளாக வந்தது. அடுத்த குச்சி. அது வெள்ளையாக வரும்வரை விடவில்லை. கனவு காண்கிற அதே பெண்ணின் கைதான். பிறகு புது ஒயரை மாட்டிவிட்டு மோடத்தைப் பார்த்தாள்.

சிவப்பு அணைந்தது. பச்சை ஒருமுறை கண் சிமிட்டி, நின்று எரிந்தது.

கம்ப்யூட்டர் திரையில் மோனிகா வந்தாள். அவள் மடியில் ஒரு குழந்தை, தாம்பாளம் நிறைய அரிசி. பிஞ்சு விரலைப் பிடித்து யாரோ இழுக்க, அரிசி விலகி ஒரு வளைவு தெரிந்தது. அமராவதி அம்மாள் திரைக்கு மிக அருகில் போய், தொடாமல், விரலை அதே மாதிரி வளைத்தார்.

வெண்மதி ஒதுங்கிச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். திறந்திருந்த மூடிக்குள் மணிவண்ணனின் பழைய கையெழுத்து இருந்தது. வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் அவள் எத்தனையோ முறை பெயர் எழுதியிருக்கிறாள். அதெல்லாம் அவர்கள் கேட்டு எழுதியது. மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றி, மணிவண்ணனின் பெயருக்குக் கீழே எழுதினாள்.

சி. வெண்மதி, 2.10.2025.