எங்கள் அடுப்படியில் ஒரு ஜந்து

உலகம் அழிந்த பிறகு திரியும் ஜந்துகளாக ஒரு படத்தில் நடிக்க, நாங்கள் இப்போது குடியிருக்கும் புந்தோங்கிலிருந்து எங்களில் சிலரைப் படக்காரர்கள் வேனில் ஏற்றிப் போனார்கள். இறங்கிய இடம் நான் பிறந்த ரப்பர் தோட்டம். தோட்ட நிர்வாகம் தண்ணீரை நிறுத்தி எங்களைத் துரத்திய பிறகு கூரை சரிந்து கிடந்த தொழிலாளர் லயத்து வீடுகள்தான் அவர்களுக்கு அழிந்த உலகம். அது ஒன்றும் தானாக அழியவில்லை.

முகத்தில் பச்சைச் சாயம் பூசி, எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்தே தவழ்ந்து வரச் சொன்னான் இயக்குநர் பையன்.

“இது எங்க வீடு,” என்றேன்.

“நல்லதாப் போச்சுலா அண்ணே. வழி தெரியும். தவழுங்க.”

“எங்கம்மா சோறாக்குன இடம். நடந்துதான் வருவேன்.”

“ஜந்து நடக்காது அண்ணே.”

“அப்ப வேற ஜந்து பாரு.”

சாயத்தைக்கூடக் கழுவாமல் சாலைக்கு நடந்தேன். பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.