திரையில் நான்கு பெயர்கள்

இபு ஹஸ்மிராவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். இந்தோனேசியாவில் ஆசிரியைகளை 'இபு' (அம்மா) என்றும் ஆசிரியர்களை 'பாக்' (ஐயா) என்றும் அழைப்போம். கெண்டாரி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவர் பக்கத்து மேஜை என்னுடையது, எனக்குத் தெரியும்.

அவர் வகுப்பு மாணவர்களுக்கு, கடலோரப் பள்ளிகளுக்கான அறிவியல் பாடம் தயாரிக்கும் வேலை. ஐந்தைந்து பேராக ஒரு செயலி வழியே ஆன்லைனில் சேர்ந்து எழுத வேண்டும்; குழுவுக்கு மதிப்பெண்ணும் அதுவே போடும். ரிஃபால்டியின் குழு முன்னால் வந்தது. திரையில் நான்கே பெயர்கள்.

கடைசி வரிசையில் சல்மியா எழுந்தாள். "என் பேரு எங்க?"

"வீடியோ மீட்டிங்குக்கு நீ வந்தாத்தானே?" என்றான் ரிஃபால்டி.

"எங்க தீவுல சிக்னலுக்குப் படகுத்துறைக்குப் போகணும். அங்க நின்னுதான் நண்டு பகுதி பூராவும் எழுதி அனுப்பினேன். அதைத்தான் இப்ப வாசிக்கப்போற."

"நண்டு டீச்சர்!" என்று யாரோ கத்த, வகுப்பே சிரித்தது.

"ரிஃபால்டி," ஹஸ்மிராவின் குரல் இறங்கியிருந்தது. "நண்டு எதுக்கு ஓட்டைக் கழட்டுது?"

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"உக்காருங்க. உங்க நாலு பேருக்கும் பூஜ்யம்."

மறுநாள் துறைத் தலைவர் பாக் முஹ்டார் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். "செயலியே குழுவுக்கு நூத்துக்கு எண்பத்தெட்டு போட்டிருக்கு. நீங்க யாரு மாத்த?"

"யாரு எத்தனை தடவை மீட்டிங்ல தலையைக் காட்டினாங்கன்னு அது எண்ணுது, பாக். யாரு கத்துக்கிட்டாங்கன்னு அதுக்கென்ன தெரியும்? அஞ்சு பேரை ஒரே திரையில அடைச்சா குழு ஆயிடுமா?"

"ரிஃபால்டியோட அப்பா ஃபோன் பண்ணிட்டாரு, இபு."

"அவரையும் வரச் சொல்லுங்க. நண்டைப் பத்திக் கேக்குறேன்."

எண்பத்தெட்டு திரும்பி வந்தது. சல்மியாவின் பெயரை ஒப்புக்குச் சேர்த்தார்கள். ஆன்லைன் வகுப்புகளின் பொறுப்பு ஹஸ்மிராவிடமிருந்து பறிபோனது.

தன் வகுப்பை மட்டும் அவர் விடவில்லை. அடுத்த வேலையை அடியோடு மாற்றினார். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு தகவல். ஒருவர் பங்கு இல்லாமல் இன்னொருவர் முடிக்க முடியாது. வீடியோ கட்டாயமில்லை, குரல் பதிவு போதும். கடைசியில் சீட்டுக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவர் அடுத்தவர் பகுதியை விளக்க வேண்டும். மாணவர்கள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள்.

ஒரு மதியம் ரிஃபால்டி வந்து நின்றான். "இபு, சல்மியா பகுதி எனக்குப் புரியல."

"அவளைக் கேளு."

"கேட்டேன். வாய்ஸ் அனுப்பிருக்கா. முதல் பாதி பூரா திட்டு."

"மீதிப் பாதி?"

"அதுல பாடம் இருக்கு."

"அப்ப முழுசாக் கேளு."

குலுக்கலில் அவன் பெயர் வந்தபோது, தட்டுத்தடுமாறி சரியாகவே சொன்னான். ஆனால் அந்த எண்பத்தெட்டு அவன் சான்றிதழில் இன்னும் இருக்கிறது. நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.