ஒன்பதில் நின்ற முள்

இரண்டு வயது மகளுக்குச் சளி பிடித்தால், அவள் தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொல்லியிருந்தார் நர்ஸ். நாற்பதைத் தாண்டினால் உடனே வர வேண்டும். போன் வெளிச்சம் பட்டாலே மகள் விழித்துவிடுவாள். அதனால் கும்பகோணத்தில் ஒரு லேடீஸ் குரோனோகிராஃப் வாட்ச் வாங்கினேன். பொத்தானை அழுத்தினால் நீண்ட விநாடி முள் ஓடும்; ஒரு சுற்று ஒரு நிமிடம்.

சென்ற மாதம் அவளுக்குச் சளி பிடித்திருந்த ஒரு மதியம் பொத்தானை அழுத்திவிட்டு, அவள் வயிற்றைப் பார்த்தபடியே எண்ணினேன். நிமிர்ந்தபோது முள் மூன்றைக் கடந்திருந்தது. அது பன்னிரண்டைத் தொடும்வரை எண்ணினேன். நாற்பத்தைந்து!

நடவு வயலிலிருந்த கணவர் சேற்றுக் காலோடு வந்து எங்களைப் பாபநாசம் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் அழைத்துப் போனார்.

நர்ஸ் நிதானமாக எண்ணினார். "முப்பத்தாறுதாம்மா. பாப்பா நல்லாத் தூங்குது. உனக்குத்தான் மூச்சு வாங்குது. எங்க, வாட்ச்சக் காட்டு."

அப்போதுதான் புரிந்தது. முந்தின நாள் குக்கருக்காக ஓடவிட்ட முள்ளை நிறுத்தினேனே தவிர, பன்னிரண்டுக்குத் திருப்பவில்லை. ஒன்பதில் நின்ற முள் அங்கிருந்தே ஓடி, நான் நிமிர்வதற்குள் ஒருமுறை பன்னிரண்டைக் கடந்திருக்கிறது. கால் நிமிடம் கூடுதலாக எண்ணியிருக்கிறேன்.

"வாட்ச் நல்லாத்தான் ஓடுது. நம்மளையும்ல ஓட விடுது!" என்றார் கணவர்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் முள் மூன்றில் நின்றிருந்தால், குறைவாக எண்ணிவிட்டு நிம்மதியாக வீட்டிலேயே இருந்திருப்பேனே!

இப்போது கீழ்ப் பொத்தானை அழுத்தி, முள் பன்னிரண்டுக்கு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே எண்ணுகிறேன். சந்தேகம் வந்தால் இன்னொரு முறையும் எண்ணுவேன். எனக்குத் தினமும் சந்தேகம் வருகிறது.