ஃப்ரீசர் பெட்டி அம்மாவாசை

நெல்லித்தோப்பில் அம்மாவாசை எந்த வாசலில் வண்டியை நிறுத்தினாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் போனது என்று எட்டிப் பார்ப்பார்கள். இழவு வீட்டுக்கு ஃப்ரீசர் பெட்டி கொண்டுபோகிற ஆளுக்கு இப்படியொரு பேரை வைத்த புண்ணியவான் யாரோ! அவருக்கு அதிலெல்லாம் வருத்தமில்லை. செத்தவர் முகத்தை மட்டும் பார்க்கமாட்டார். பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ரஃபாயேல் இறந்தபோது, மகன் பாரிசிலிருந்து வரும்வரை உடலை வைத்திருக்க இவரைத்தான் கூப்பிட்டார்கள். மறுநாள் மதியம், பெட்டி ஒழுங்காகக் குளிர்கிறதா என்று பார்க்க வந்தார். எல்லோரும் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் ஈ காக்கை இல்லை.

கண்ணாடி மூடியில், செத்தவரின் வாய்க்கு நேர் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது.

ஏசி ஓடும் கூடம். கண்ணாடி வேர்க்க வழியில்லை. வேர்த்தாலும் முழுசாக வேர்க்கும், வாய்க்கு நேரே மட்டுமா? துண்டால் துடைத்தார். கால்மாட்டில் குனிந்து பிளக்கை அழுத்திவிட்டு நிமிர்ந்தார். அதே இடம். அதே அகலம். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகத் தன் பெட்டியை விட்டு இரண்டடி பின்வாங்கினார்.

"பாத்தீங்களா அங்கிள்?"

தலைமாட்டில் குவிந்திருந்த மாலைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எழுந்தது. ரஃபாயேலின் பேத்தி, ஆறு வயசு பொலின்.

"தாத்தா மூச்சு விடுறாரு. நான் கிட்ட போயி கூப்புடறப்பல்லாம் விடுறாரு. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. நாளைக்கு அப்பா வந்ததும் கல்லறைக்குக் கொண்டு போயிடுவாங்களாம். நீங்க சொல்லுங்க அங்கிள், உங்க பெட்டிதானே!"

அவருக்கு விளங்கிவிட்டது. வாயாவி கண்ணாடியில் படிவதைப் பார்க்க இந்த ஊரில் குளிர் ஏது? பாவம், பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஏதாவது சொல்லி நழுவியிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"அது உன் மூச்சும்மா. கொஞ்சம் அடக்கிப் பாரு."

கண்ணாடியை ஒட்டிக் குனிந்தபடியே அடக்கினாள். அவரும் கூடவே அடக்கினார். ஆவி ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி மறைந்தது. அடியில் ரஃபாயேலின் உதடுகள் தெரிந்தன. அம்மாவாசை பார்த்துவிட்டார்.

பொலின் மூச்சை விடவில்லை. கண் பிதுங்கியது.

"விடும்மா, விடு!" என்று பதறினார்.

விட்டாள். கண்ணாடி மறுபடி மங்கியது.

"எல்லாமே நான் விட்டதா?"

"ஆமாம்மா."

"தாத்தா ஒண்ணுகூட விடலியா?"

அம்மாவாசை இல்லையென்று தலையாட்டினார். நேற்றிலிருந்து அழாத பிள்ளை, வீடு அதிர வீறிட்டாள். பின்கட்டிலிருந்து எச்சில் கையோடு ஓடிவந்தார்கள்.

"குழந்தகிட்ட என்னய்யா சொன்ன?"

தாத்தா செத்துப்போய்விட்டார் என்று சொன்னேன் என, அந்த வீட்டில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது?