நீங்க முன்னால போங்க

அப்பாவுக்கு விமானம் பற்றித் தெரியாதது ஒன்றுமே இல்லை என்று ஐந்தாம் வகுப்பு முடிகிற வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பாமல் என்ன செய்வது? எங்கள் வீடு சின்னியம்பாளையத்தில் இருந்தது. இறங்க வரும் விமானங்கள் எங்கள் மொட்டைமாடிக் கொடியில் காயும் துணியைத் தொட்டுவிடுமோ என்று தோன்றுகிற அளவுக்குத் தாழப் பறந்துபோகும். சத்தம் கேட்டதும் அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்காமல், தலையைக்கூடத் தூக்காமல், "இது மெட்ராஸ் வண்டி" என்பார். அடுத்தது வந்தால், "பம்பாய் வண்டி, இன்னைக்கு லேட்டு" என்பார். சரிபார்க்க வழியே இல்லாத விஷயத்தை அவ்வளவு உறுதியாகச் சொல்கிற மனிதரை எந்த மகளும் நம்பத்தான் செய்வாள். அவர் எப்போதாவது விமானத்தில் ஏறியிருக்கிறாரா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கேள்வி அம்மாவுக்குத் தோன்றியது. அதற்குக் காரணம் அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகி பம்பாயில் இருந்தாள். தன் ஒரு வயதுக் குழந்தைக்குக் காது குத்த நாள் குறித்துவிட்டு ஃபோன் செய்தாள். எங்கள் பக்கத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் வந்து சேரவில்லையென்றால் ஆசாரி ஊசியோடு காத்திருக்க வேண்டியதுதான். அத்தை அதற்கும் மேலே ஒரு படி போய்விட்டாள். "நீ வந்தாத்தாண்ணா காதுகுத்து. இல்லாட்டி என்ற புள்ள மூளிக் காதோடயே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

அப்பா லேத் பட்டறையில் டர்னர். அவசர ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்ததால் முதலாளி இரண்டே நாள்தான் லீவு கொடுத்தார். ரயிலில் போனால் போய்ச் சேர்வதற்கே ஒன்றரை நாள் ஆகும். அதனால் அத்தை வீட்டு மாமாவே மூன்று பேருக்கும் விமான டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் காலை முகூர்த்தம், முந்தின நாள் பதினொரு மணிக்கு விமானம். அதை விட்டால் அப்பா போய்ச் சேர வேறு வழி கிடையாது.

அம்மாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. தெருவில் யாரோ அவளைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். "அங்க எல்லாமே இங்கிலீஷ்லதான் எழுதிப் போட்டிருக்குமாமுங்க. தெரியாம முழிச்சுட்டு நின்னா நம்மள வுட்டுப்போட்டுக் கெளம்பிருவாங்களாம். உங்களுக்கு எழுத்துக் கூட்டக்கூட வராதேங்க" என்று புலம்பினாள். அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "அதெல்லாம் எனக்குத் தெரியும், நீ கம்முனு இரு" என்று முடித்துக்கொண்டார். பம்பாய் வண்டியைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவருக்கு அதில் ஏறத் தெரியாதா என்று எனக்கு அம்மாமேல் எரிச்சலாக வந்தது.

புறப்படுகிற நாள் அதிகாலையிலேயே தலைக்கு ஊற்றி, விபூதி பூசி, சீர் சாமான்களைச் சரிபார்த்து, ஆட்டோவில் ஏறினோம். குழந்தைக்குத் துணி, கொலுசு, தோடு எல்லாம் பெட்டிக்குள். தேங்காயும் வெற்றிலை பாக்கும் அம்மா மடியிலிருந்த கட்டைப்பைக்குள். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற விமான நிலையத்துக்கு எட்டேகாலுக்கே போய் இறங்கிவிட்டோம். இவ்வளவு சீக்கிரம் வந்த நாங்கள் விமானத்தைத் தவறவிடப் பார்த்த கதைதான் இது.

வாசலில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். எங்களுக்கு முன்னால் வரிசையே இல்லை. நேராகப் போயிருக்கலாம். அப்பா சட்டென்று இரண்டடி ஒதுங்கி, பின்னால் பெட்டி இழுத்துக்கொண்டு வந்தவரைப் பார்த்து, "நீங்க முன்னால போங்க" என்றார். அவர் போனார். அடுத்து ஒரு புருஷன் பெண்சாதி. "நீங்க போங்க." அதற்கடுத்து ஒரு கல்லூரிப் பையன். அவனுக்கும் மரியாதை. நாலு பேரை அனுப்பிவிட்டுத்தான் அப்பா நகர்ந்தார். ஆனால் நகர்ந்தார் பாருங்கள், அப்படியொரு மிடுக்கு. டிக்கெட் காகிதம் இடக்கையில், அடையாள அட்டை வலக்கையில், படம் தெரிகிற பக்கம் போலீஸ்காரரின் முகத்துக்கு நேரே. அவர் ஒரு வார்த்தை பேசாமல் எங்களை உள்ளே விட்டுவிட்டார்.

"ஊட்டுக்கு வந்த ஒறம்பரையைப் பந்திக்கு அனுப்பற மாதிரி எல்லாத்தையும் அனுப்பிட்டு நிக்கறீங்க" என்று அம்மா பல்லைக் கடித்தாள். "பாவம், அவங்களுக்கு என்ன அவசரமோ" என்றார் அப்பா. எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதைக்குப் பேர் போனவர்கள் என்று டீச்சர் சொன்னதை நேரில் பார்ப்பதாகவே நினைத்துக்கொண்டேன்.

உள்ளே பெட்டி போடுகிற கவுன்டரை ஒரு மணி நேரம் கழித்துத்தான் திறந்தார்கள். வினையும் அப்போதுதான் வந்தது. அங்கே அப்பாவைப் போலவே இன்னொரு மரியாதைக்காரர் வந்து சேர்ந்தார். உக்கடத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாய். பம்பாயில் வேலையாக இருக்கும் மகனைப் பார்க்க மனைவியோடு புறப்பட்டிருந்தார். கவுன்டருக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள்.

"நீங்க முன்னால போங்க பாய்."

"அட, நீங்க போங்க. கொழந்தையோட வந்திருக்கறீங்க."

"அதுக்கென்னங்க, உங்க ஊட்டம்மா எவ்வளவு நேரம் நிப்பாங்க? நீங்க போங்க."

"இல்லீங்க, முறைன்னு ஒண்ணு இருக்குதில்லைங்களா? நீங்கதான் முதல்ல வந்தீங்க."

இரண்டு பேரும் கையைக் கவுன்டர் பக்கம் நீட்டியபடி நின்றார்கள். கவுன்டரில் இருந்த பெண் இவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு தன் நகத்தைப் பார்த்தாள். அரைக்கால் சட்டையும் காதில் பாட்டுமாக வந்த ஓர் இளைஞன் இரண்டு பேருக்கும் நடுவே புகுந்து போய்ப் பெட்டியைத் தூக்கி எடைமேடையில் வைத்தான். அப்பாவுக்கும் கோபமில்லை, பாய்க்கும் கோபமில்லை. இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்குப் பின்னால் ஒரு குடும்பம் போயிற்று. அதற்குப் பின்னால் மூன்று வியாபாரிகள் போனார்கள். அம்மாவும் பாயின் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அப்போதே சிநேகிதமாகிவிட்டார்கள்.

அந்த வியாபாரிகளில் ஒருவரிடம் கவுன்டர் பெண், "கைப்பையில கத்தி, தேங்காய் ஏதாச்சும் இருக்குங்களா? இருந்தா வுட மாட்டாங்க, பெட்டியில வெச்சிருங்க" என்று சொன்னது எனக்கே கேட்டது. அடுத்த நிமிஷம் அப்பா குனிந்து, அம்மாவின் கட்டைப்பையிலிருந்த தேங்காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் துணிக்கு நடுவே செருகிவிட்டார். எங்கள் முறை வந்தது. அதே கேள்வி வந்தது. "இல்லைங்க, அதெல்லாம் பெட்டியிலயே போட்டுட்டமுங்க" என்றார் அப்பா, மாதம் நாலு தடவை பம்பாய் போகிறவர் மாதிரி. அம்மாவின் வாய் திறந்தபடி இருந்தது.

அடுத்தது சோதனை. பெண்களுக்குத் தனி வரிசை, அதில் கூட்டமே இல்லை. திரை மறைவில் ஒரு போலீஸ் அக்கா என்னைத் தடவிப் பார்த்ததில் கிச்சுக்கிச்சு தாங்காமல் சிரித்துவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் அம்மாவும் நானும் அந்தப் பக்கம் போய்விட்டோம். திரும்பிப் பார்த்தால், ஆண்கள் வரிசையில் அப்பா ஓரமாக நின்று ஊரையே முன்னால் அனுப்பிக்கொண்டிருந்தார். பாய்கூட மனசு மாறி எப்போதோ வந்துவிட்டார். அம்மா சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பது. ஒலிபெருக்கியில் மும்பை மும்பை என்று கேட்டது. அதற்கு மேல் அம்மாவால் முடியவில்லை. வயற்காட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிடுகிற குரலில், "ஏனுங்க" என்றாள். மண்டபத்தில் இருந்த அத்தனை ஏனுங்ககளும் திரும்பினார்கள். "உங்க தங்கச்சி புள்ள மூளிக் காதோட நிக்கப் போகுதுங்க" என்றாள் அடுத்து. அவள் குரல் உடைந்துவிட்டது. நானும் அப்பாவைப் பார்த்துக் கையை ஆட்டினேன்.

அப்பா கையைத் தூக்கி, "வாரேன் வாரேன்" என்றார். வந்தும்விட்டார். பெல்ட், சில்லறை, செல்ஃபோன், கைக்கடிகாரம் எல்லாம் ஒரே வீச்சில் தட்டுக்குள் விழுந்தன. கதவில்லாத அந்தச் சோதனை நிலையைத் தாண்டினார், மேடைமேல் ஏறினார், யாரும் சொல்லாமலே இரண்டு கையையும் விரித்து நின்றார். ஒரு தடுமாற்றம் இல்லை. அம்மா என் காதருகே குனிந்து, "உங்கப்பா நமக்குத் தெரியாம முன்னயே வந்திருக்கறாரோ என்னமோ" என்றாள். ஆமாம் என்று நான் தலையாட்டினேன்.

மூன்று பேரும் ஓடினோம். கதவருகே எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். சீட்டைக் கிழித்துக் கொடுத்தவர், "சீக்கிரம் போங்க சார், கதவச் சாத்தப் போறாங்க" என்று கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கையைக் காட்டினார். அங்கே ஒரு நீளமான நடைபாதை கூண்டுபோல் வளைந்து போயிற்று. அதில் ஒரு ஈ காக்கை இல்லை. அப்பா நின்றுவிட்டார். பின்னால் திரும்பிப் பார்த்தார். வழிவிடுவதற்கு அங்கேயும் யாருமில்லை. அவர் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. ஓடிவந்த வியர்வை என்று நினைத்தேன்.

பிறகு என் தோளில் கை வைத்தார். "நீ முன்னால போ அம்மணி. அப்பா பின்னாடியே வாரேன்."

"அவளுக்கு என்னங்க தெரியும்?" என்றாள் அம்மா.

"அவ படிச்சுப்போடுவா. நீ போ கண்ணு."

சுதந்திர தினத்துக்குக் கொடி பிடித்து முன்னால் போகச் சொன்னால்கூட அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. எழுதியிருந்ததையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே விறுவிறுவென்று நடந்தேன். விமானத்தின் வாசலில் கும்பிட்ட அக்காவிடம் மூன்று சீட்டையும் நீட்டினேன். அவள் இங்கிலீஷில் சொன்னதில் பாதி புரிந்தது, மீதியை எண்களைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். உட்கார்ந்தேன். முன்னால் செருகியிருந்த படத்தைப் பார்த்து பெல்ட்டின் நாக்கை அதன் வாயில் திணித்தேன். டக் என்றது. அப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன்னுடையதை எடுத்தார். டக். அதன்பிறகு அம்மாவுக்கும் அவரே மாட்டிவிட்டார். நாலு வரிசைக்கு முன்னால் பாய் எழுந்து நின்று எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

மறுநாள் காலை அத்தையின் குழந்தை அப்பாவின் மடியில் உட்கார்ந்து வீறிட்டது. ஊசி ஏறியபோது அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டார். அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். ஆசாரி, மாமனுக்குத்தான் வலி அதிகம்போல என்று ஹிந்தியில் சொன்னதை யாரோ எங்களுக்கு மொழிபெயர்த்தார்கள். "வர்றதுக்குச் சிரமமா இருந்துச்சாண்ணா?" என்று அத்தை கேட்டாள். "என்ன சிரமம், நம்ம பஸ் ஸ்டாண்டாட்டம்தான்" என்றார் அப்பா. நான் பள்ளிக்கூடம் திரும்பியதும் எங்கள் அப்பா அடிக்கடி விமானத்தில் போகிறவர் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தேன். எல்லோரும் நம்பினார்கள்.

நான் படித்து முடித்து, சரவணம்பட்டியில் வேலைக்குச் சேர்ந்து, கம்பெனி வேலையாக முதல்முறை வெளிநாடு போனது போன வருஷம். அந்த ஊர் ரயில் நிலையத்தில் டிக்கெட் எடுக்க மனிதர்களே இல்லை, ஒரு மெஷின் இருந்தது. அதில் இருந்த மொழியில் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. கூட வந்தவர்கள் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையில் பின்னால் நின்றிருந்தார்கள். வேறு யாரோ வருகிற காலடி கேட்டது. நான் சட்டென்று இரண்டடி ஒதுங்கி, சிரித்த முகத்தோடு, நீங்கள் முன்னால் போங்கள் என்று கையைக் காட்டினேன். அந்த அம்மாள் நன்றி சொல்லிவிட்டுப் போய் மெஷினைத் தொட்டாள். அவளுடைய விரல் எங்கெங்கே போகிறது என்று நான் கண்கொட்டாமல் பார்த்தேன்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்த விமான நிலையக் காலை நினைவுக்கு வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. அந்த நிமிஷமே அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அத்தனை பேரையும் முன்னால் விட்டு, ஒவ்வொருவரிடமிருந்தும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே வந்த மனுஷர், ஆள் தீர்ந்துபோன இடத்தில் என்னை முன்னால் விட்டிருக்கிறார். நானோ அன்றைக்கு, ஜன்னல் சீட்டை அப்பாவுக்குக் கொடுக்க மாட்டேன் என்று பம்பாய் வரும் வரைக்கும் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.