பூதத்தின் முதுகில் ஜிப்

புது ரெயின்கோட்டைப் பிரித்ததும் கிளம்பிய ரப்பர் வாடை என்னைத் தாராவிக்கு, தோல் கிடங்குகளுக்குப் பின்னால் அப்போது இருந்த, இப்போது தடமே இல்லாமல் போய்விட்ட தகரக் கொட்டகைக்கு இழுத்துப் போனது. மழை தகரத்தில் அறைய, ஈரச் சாக்கும் பீடியும் மணக்க, அங்கே வாராவாரம் ஒரு பூதப் படம் ஓடும். எத்தனை பேர் செத்தாலும் நாயகி அதே ஏரிக்குத்தான் குளிக்கப் போவாள், தண்ணீர் கொப்பளிக்கும், பூதம் வரும், நாயகன் சுடுவான். எல்லாப் படமும் இதுவேதான் என்பதால் இந்தி தெரியாத எங்கள் அம்மாக்களுக்கும் கதை புரிந்தது, அதுதான் அந்தப் படங்களின் பெருமை. சிறுமை, பூதத்தின் ரப்பர் முதுகில் பளபளத்த ஜிப். “ஏலே பூதம், ஜிப்ப மூடுலே!” என்று நான் கத்தினால் கொட்டகையே குலுங்கும்.

ஒரு ஞாயிறு, பக்கத்து வீட்டுச் செல்லத்துரை அண்ணன் தான் நடித்த படம் என்று, ஊரிலிருந்து புதிதாக வந்த மனைவி பேச்சியக்காவைக் கூட்டி வந்திருந்தார். என்ன வேஷம் என்று மட்டும் சொல்லவில்லை.

“எப்ப வருவீய?” என்று அக்கா ஒவ்வொரு முகமாகத் தேடினாள்.

கடைசியில் குண்டு பட்ட பூதம், அண்ணன் வீட்டில் சாப்பிட உட்காருவதுபோலவே, இடது கையைத் தரையில் ஊன்றி மெதுவாகச் சாய்ந்தது. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. நான் வழக்கம்போலக் கத்தினேன், எல்லாரும் சிரித்தார்கள், அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

“அந்த ரப்பர் சட்டைக்குள்ள காத்து வந்திச்சா?” என்றாள் அக்கா.

“வரல பிள்ள.”

அவள் முந்தானையால் அவர் கழுத்தைத் துடைத்துவிட்டாள். அத்தனை பூதம் பார்த்த எங்களில் ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றியதில்லை.