மழை வருமா என்று கேட்கும் வீரபாண்டி

காக்கநாட்டு ஆபீசில் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது கூட வேலை பார்க்கும் சங்கர்ராம் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "இதப் பாரு, உங்க மட்டாஞ்சேரி ஆளு. செம காமெடி."

திரையில் வீரபாண்டி. எனக்கு அடுத்த வீட்டுக்காரன். யாரோ அவனைக் கடந்து போகிறார்கள். "சேட்டா, மழை வருமா?" என்கிறான். திரும்ப வருகிறார்கள். அதே குரல், அதே கேள்வி. கீழே 'மட்டாஞ்சேரி என்பிசி' என்று எழுதியிருந்தது.

"கேம்ல ரோட்டோரம் சும்மா நிப்பானுங்கல்ல, கிட்டப் போனா ஒரே டயலாக் சொல்லுவானுங்க, அதான் என்பிசி. இவனுக்கு ஆட்டிசமாம். அவங்க எல்லாருமே இப்படித்தானாம்டா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'அடிச்சா திருப்பி அடிப்பானா?' என்று ஒருவன் கேட்டிருந்தான். அதற்கும் சிரிப்புப் பொம்மைகள்.

வீரபாண்டிக்கு இருபத்துமூன்று வயது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து அம்மா ஒச்சம்மாளோடு வந்தவன். இருவருக்கும் சுக்குக் கிடங்கில் வேலை. முற்றம் முழுக்கச் சுக்கு காயும். மழை விழுமுன் தார்ப்பாயால் மூடுவது அவன் பொறுப்பு. மழை காயல் பக்கமிருந்துதான் வரும். அதனால் அங்கே படகுத்துறையில் இறங்கி வருகிறவர்களை நிறுத்திக் கேட்பான். அவனுக்கு அது வேலை.

சனிக்கிழமை மத்தியானம் வானம் இருட்டியது. வீடியோவைப் பார்த்துவிட்டுக் கலூரிலிருந்து வந்த இரண்டு பேர் கிடங்கு வாசலில் அவனை மறித்தார்கள். கேமில் என்பிசி ஆட்கள் மேல் மோதினால் தானாக ஒதுங்கிக்கொள்வார்களாம். இவன் ஒதுங்குகிறானா என்று படம்பிடிக்க வேண்டுமாம். ஒருவன் தோளைப் பிடித்தான். யாராவது தொட்டால் வீரபாண்டிக்குச் சூடு வைத்த மாதிரி. உதறினான். அவர்கள் போன் தெறித்து விழுந்தது.

"கள்ளன்! போனப் பிடுங்குறான்!"

சத்தம் கேட்டு நான் ஓடுவதற்குள் கூட்டம் சூழ்ந்துவிட்டது. ஒருவன் அவன் காலரைப் பிடித்திருந்தான். "எந்தாடா நின்றெ பேரு?"

வீரபாண்டி மேலே பார்த்தான். "சேட்டா, மழை வருமா?"

நக்கல் செய்கிறான் என்று நினைத்து அந்த ஆள் அறைந்தான். உதடு கிழிந்தது. "அவனுக்கு ஆட்டிசம், விடுங்க!" என்று தமிழிலும் மலையாளத்திலும் கத்தினேன். "நீயும் பாண்டிதானே?" என்றது ஒரு குரல். தமிழனை இங்கே மட்டமாகச் சொல்லும் பேர் அது. இப்படிப்பட்ட கூட்டத்தில் சிக்கிச் செத்தவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன்.

உள்ளே சுக்குக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்த ஒச்சம்மாள் அதே கையோடு ஓடிவந்தாள். மகனைத் தொடவில்லை. அவனைப் பிடித்திருந்தவன் காலில் விழுந்தாள். "சாமி, சுக்கு நனைஞ்சிரும் சாமி. அதுக்குத்தான் ஓடப் பாக்குறான்."

தூறல் விழத் தொடங்கியது. வீரபாண்டி அலறினான், பிடி இறுகியது. அப்போதுதான் லோடு இறக்கும் சேவியர் சேட்டன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "விடடா! இவன் நம்மட ஆளு!" என்று அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

வீரபாண்டி பாய்ந்து உள்ளே போய்த் தார்ப்பாயை இழுத்தான். தாடையில் ரத்தம் வழிந்தது. அதையும் வாசலில் நின்று படம்பிடித்தார்கள்.

சாயங்காலம் ஒச்சம்மாள் என்னிடம் வந்தாள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு, அவளுக்கும் தெரியும்.

"ஏய்யா, நீ படிச்ச புள்ள. அந்த வீடியோவ அழிச்சுருய்யா."

"புகார் போட்டிருக்கேன் அத்தை. ஆனா அது இப்ப ஊர்ப்பட்ட பேர் போன்ல கெடக்கு."

"அப்ப இவன் மொகம் எம்புட்டுப் பேருக்குத் தெரியும்?"



முன்பெல்லாம் அவன் தனியாகத்தான் வேலைக்குப் போவான். இப்போது அவள் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே நடக்கிறாள். வழியில் யாராவது போனை உயர்த்தினால் போதும், நாயைப் பார்த்துக் கல்லெடுக்கிறவள் மாதிரி சட்டென்று குனிகிறாள்.